சுமோ வீரர் தாய்ஹோவ தரையில அடிச்சு விளையாடின கதை

நான் டோக்கியோ நிஷி கசாய்ல இருக்கேன். இங்க நம்மாளுங்க நிறைய இருக்கறதால ஜப்பான்காரங்களோட பழக்கம் கம்மிதான், ஆனா கீழ் வீட்டு தாத்தாவுக்கும் என் பையனுக்கும் நல்லா ஒட்டிக்கிச்சு. ஒருநாள் இவன் போகிமான் கார்டு ஆல்பத்த தூக்கிட்டுப் போய் காட்டிருக்கான், ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் உறைக்குள்ள. "இத வச்சு எப்ப விளையாடுவ?"ன்னு அவரு கேக்க, இவன் "விளையாடுனா மூலை மடங்கிரும் தாத்தா"ன்னு சொல்லிருக்கான். மனுஷன் எந்திரிச்சு உள்ள போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோட வந்தாராம்.

டப்பா பூரா மென்கோ. கெட்டி அட்டைங்க, ஒரு பக்கம் சுமோ வீரர் படம், சிலதுல பின்னாடி கல்லு காகிதம் கத்திரி. தரையில கெடக்குற எதிராளி அட்டை மேலயோ பக்கத்துலயோ நம்மளோடத ஓங்கி அடிக்கணும், அது புரண்டா நமக்கு, அவ்ளோதான். எடோ காலத்துல (1868க்கு முன்ன) களிமண்ணு, அதுக்கப்புறம் வந்த மெய்ஜி காலத்துல ஈயம், ஈயம் விஷம்னு பயம் வந்ததும் அட்டை. எடை ஏறணும்னு மெழுகு தேய்க்கிற திருட்டு வேலை எல்லாம் தாத்தாவும் பண்ணிருக்காரு (சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு).

1961ல தாய்ஹோவும் காஷிவாதோவும் ஒண்ணா யோகோசுனா (சுமோவுல உச்சப் பட்டம்) ஆனப்போ தாத்தா ஸ்கூல் பையன். அப்ப பசங்களுக்குப் பிடிச்சது மூணு, கியோஜின் பேஸ்பால் டீம், தாய்ஹோ, முட்டை ரோல்னு ஒரு சொலவடையே இருந்துச்சு. அப்பேர்ப்பட்ட தாய்ஹோ முகத்தத்தான் தரையில அடி அடின்னு அடிச்சிருக்காங்க! தோத்தா அழுதுக்கிட்டே வீட்டுக்கு, அங்க போனா சூதாடுறியான்னு அம்மாகிட்ட இன்னொரு அடி.

---

அண்ணா, நான் ஒசாகா. இந்தப் பக்கம் பெருசுங்க இத 'பெத்தன்'னு சொல்லுவாங்க. என் டீம்ல ஐம்பது வயசுக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவரு கைல எடுத்ததே இல்லையாம், 1983ல ஃபேமிகாம்னு நிண்டெண்டோ வீடியோ கேம் வந்துச்சு, அப்புறம் யாரு தெருவுக்குப் போறதுன்னாரு. தெருவும் தார் ரோடு, அதுல அடிச்சா அட்டை என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க.

---

என் பொண்ணு ஸ்கூல்ல பேப்பர் சுமோ செஞ்சாங்க, அட்டைப்பெட்டி மேல ரெண்டு காகித வீரர்கள நிறுத்தி விரலால தட்டுறது. வருஷத்துக்கு ஒருநாள் "அந்தக் கால விளையாட்டு"ன்னு டீச்சர் சொல்லிக்குடுத்து விளையாடுறாங்க, எனக்கு அதப் பாத்தா ஒரு மாதிரி இருந்துச்சு. அது சரி, பழைய பொருள் சந்தையில மென்கோ பாத்தேன், முழுசா நல்லா இருக்கற அட்டைக்குத்தான் மதிப்பாம், அதாவது எவனும் விளையாடாத அட்டைக்கு. ண்ணா, அந்த டப்பால தாய்ஹோ இருந்தாரா?

---

ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுங்க, நாலு மூலையும் நைஞ்சு போய். மாடிப்படி கீழ சிமெண்ட்ல ரெண்டு பேரும் அரைமணி நேரம் அடிச்சாங்க, பையன் எப்படியோ அத புரட்டிட்டான். ஜெயிச்சா உன்னுதுன்னு தாத்தா குடுத்துட்டாரு. இவன் மேல வந்து மொத வேலையா அத பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வச்சிட்டான்.