மறு: ‘பொடி எர்த்’துக்குத் தமிழ்: பிணைவடம், ஏற்றுவடம்

அன்புள்ள குழுவினருக்கு,

காரின் பெட்டரி முனையை வண்டியின் இரும்புக் கூட்டோடு இணைப்பதைக் கராஜில் ‘பொடி எர்த்’ (body earth) என்கிறோம். நம் அகராதியில் அதற்கான தமிழ்ச் சொல் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பாடநூலில் ‘புவித்தொடுப்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வீட்டு வயரிங்குக்கு அந்தச் சொல்லே போதும். அங்கே செப்புக் கோலை மண்ணில் அடித்து இறக்குகிறோம். காரில் நிலைமை வேறு. ரப்பர் டயர் மேல் நிற்கிற வண்டியில் மின்சாரம் மண்ணுக்குப் போவதே இல்லை. பெட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்புக் கூட்டோடு பூட்டிவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டாவது கம்பி இழுக்கும் செலவு மிச்சம், அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த ‘தரையிணைப்பு’ என்ற யோசனைக்கும் இதே பதில்.

> ‘மீள்வழி’ என்று வைக்கலாமா? மின்னோட்டம் திரும்பி வரும் பாதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மலைப் பக்கம் இன்னும் ஓடும் பழைய மொரிஸ் மைனரை நினைத்துப் பாருங்கள். லூகாஸ் கம்பனியின் டைனமோவோடு (பழைய வகை மின்னாக்கி) வந்த அந்தக் கார்களில் கூட்டோடு பூட்டியிருப்பது பெட்டரியின் நேர்முனை. மின்னோட்டம் நேரிலிருந்து மறைக்கு ஓடுகிறது என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். அப்படியானால் அந்தக் காரில் கூடு போகும் வழி. கம்பிதான் மீளும் வழி. ஜப்பான் காருக்கு ஒரு சொல், மைனருக்கு ஒரு சொல் என்று வைக்க முடியாது.

‘உடல்தொடுப்பு’ என்ற யோசனை பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தச் சொல்லோடு ஒரு கராஜுக்குள் போய்ப் பாருங்கள், அங்கேயே பதில் கிடைக்கும்.

என் முன்மொழிவு இது. எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்ளும் இரும்புக் கூட்டை, மின்சுற்றின் கண்ணில், ‘பொதுத்தடம்’ என்போம். நேர்முனை பூட்டியிருந்தாலும் மறைமுனை பூட்டியிருந்தாலும் அது பொதுத்தடமே. ஒரு பாகத்தை அந்தத் தடத்தோடு கட்டிவைக்கும் தடித்த கேபிள் ‘பிணைவடம்’. பெட்டரியிலிருந்து கூட்டுக்குப் போவது பெட்டரிப் பிணைவடம், எஞ்சினிலிருந்து கூட்டுக்குப் போவது எஞ்சின் பிணைவடம். ஓல்டனேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஆக்கும் கருவி) பெட்டரியின் நேர்முனைக்கு வருவது ‘ஏற்றுவடம்’. பழைய காரின் வயரிங்கைத் திருத்துகிறவர்கள் முதலில் தடிப்பாக்குவது இந்த மூன்றையும்தான். அதற்கு ஆங்கிலத்தில் ‘பிக் த்ரீ’ என்று இருக்கிறது என்பதற்காக ‘பெரிய மூன்று’ என்று நாமும் எழுத வேண்டியதில்லை. ‘மூவடம்’ போதும்.

கம்பி என்னாமல் வடம் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையின் உயிரே தடிப்புதான். 60 அம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலும் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஓல்டனேட்டர் வாயில் 14.2 வோல்ட் இருந்து பெட்டரியில் 13.6 மட்டும் வந்தால், பெட்டரி எளிதில் நிறையாது. 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்பு வடம் மீட்டருக்கு 0.001 ஓமைக்கூட எட்டாது. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி கம்பியே அல்ல, அதன் முனை. நுவரெலியா, நானுஓயா பக்கத்து மூடுபனியிலும் மழையிலும் வருடக்கணக்காக நின்ற காரில் எஞ்சின் பிணைவடத்தின் போல்ட்டைக் கழற்றினால், பின்னல் செம்பு பச்சைப் பூத்து, கையில் பொடியாக உதிரும். வடமுனை வளையத்துக்கு அடியில் பெயின்ட், அதற்கு அடியில் துரு. அந்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவாமல் என்ன தடித்த வடம் போட்டாலும் காசுக்குக் கேடு.

எஞ்சின் பிணைவடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொன்னால் சொல்லின் பொருத்தமும் விளங்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் சும்மா நிற்காது. எஞ்சினையும் கூட்டையும் இணைக்கும் வேறு எதையாவது தேடும். கிடைப்பது சோக் கேபிளோ அக்சிலேட்டர் கேபிளோ. அது சூடேறிப் புகையும். ‘காரில் சோக் எரிகிறது’ என்று வருகிறவருக்கு சோக் கேபிளை மாற்றிக் கொடுத்து அனுப்புகிற மெக்கானிக் பாஸ்மாரும் இருக்கிறார்கள்.

சோதிக்கும் முறையையும் அகராதிப் பதிவிலேயே சேர்க்கலாம் என்பது என் ஆசை. எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மறைக்கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள் (மறைமுனை பூட்டிய காரில்). காட்டுவது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பிணைவடத்தைப் பாருங்கள். பாடநூல் சொல்லும் ‘அழுத்த வித்தியாசம்’ இதுதான்.

ஹட்டனிலிருந்து

----------

வணக்கம் அண்ணன்,

பிணைவடம் நல்ல சொல். நேற்றே கடையில் சொல்லிப் பார்த்தேன், பொடியன்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் ‘எஞ்சின் பிணை’ என்று சுருக்கிவிட்டார்கள். ‘எர்த்’தை அவர்கள் விடப்போவதில்லை. அது வேறு விடயம்.

ஏற்றுவடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. நீங்களே மைனரைக் கொண்டுவந்தீர்கள். டைனமோ வண்டியில் அந்த வயர் நேரே பெட்டரிக்குப் போகாது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்குப் போகும். அங்கே உங்கள் வரையறை பொருந்தாது. தவிர அந்த டைனமோ கொடுப்பதே அதிகம் போனால் 22 அம்பியர். ஐடிலில் அதுவும் இல்லை, சிவப்பு லைட் எரியும். தடித்த வடம் போட்டு என்ன லாபம்? இங்கே ஒருவர் அப்படிப் போட்டுவிட்டு, சார்ஜ் ஏறவில்லை என்று என்னிடம் வந்தார்.

இன்னொன்று. ஏற்றுவடத்தில் பெட்டரிப் பக்கம் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்று பதிவில் எழுதுங்கள். கம்பனி வயரில் உருகிணைப்பு (ஃபியூஸ் போல உருகி அறும் வயர்த் துண்டு) இருக்கும். அதைத் தாண்டி வெறும் வடத்தை இழுத்து, அது எங்காவது இரும்பில் உரசித் தோல் போனால், போனட்டுக்குள் நெருப்புதான்.

பண்டாரவளையிலிருந்து

----------

தம்பி,

டைனமோ விடயம் சரி. வரையறையை இப்படி மாற்றுகிறேன்:

ஏற்றுவடம்: வண்டியின் மின்னாக்கி தரும் மின்னோட்டத்தை, நேராகவோ ரெகுலேட்டர் வழியாகவோ, பெட்டரிக்குக் கொண்டுசெல்லும் தடித்த வடம். பெட்டரிப் பக்கம் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

‘மின்னாக்கி’ என்றால் டைனமோவும் அதில் அடங்கும், ஓல்டனேட்டரும் அடங்கும். ‘உருகிணைப்பு’ உங்கள் சொல்லா, கடையில் வழங்குவதா? வழங்குவதென்றால் அதற்கும் தனிப்பதிவு போடலாம். ‘எஞ்சின் பிணை’யை வழக்குச்சொல் என்று குறித்துச் சேர்த்துவிட்டேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.