சிறையில் இருக்கும் தம்பிக்கு மாத்திரை தொடர என்ன வழி?

கரிசல்காரன்:
தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஆறு வருடமாக அரசு மருத்துவமனை மாத்திரை. தெருச் சண்டையில் ஒருவரைக் கல்லால் அடித்துவிட்டான், ரிமாண்டில் இன்றோடு 19 நாள். மனு போட்டுப் பார்க்கப் போனபோது மாத்திரை அட்டையை கேட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "உள்ளே டாக்டர் இருக்கார்" என்றார்கள். இருக்கலாம். தம்பி சட்டைப் பித்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு வந்தான். என் தோளுக்குப் பின்னால் யாருடனோ பேசினான். மாத்திரை நின்றால் பத்தே நாளில் இப்படித்தான் ஆவான். யாரிடம் போய் நிற்பது?

வாய்தா வக்கீல்:
கேட்டில் சண்டை போடாதீர்கள், அது வார்டர் கையில் இல்லை. ஓபி சீட்டு நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள், அதையே மாஜிஸ்திரேட்டுக்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல சிகிச்சைக்கு இடம் இருக்க வேண்டும் என்கிறது அது.

அப்புறம் ஜாமீன். தன் வழக்கைத் தானே எதிர்கொள்ள முடியாத நிலை என்று கோர்ட் கண்டால், ஜாமீன் இல்லாத குற்றமானாலும் விடலாம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ல் 369-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 330). ஆனால் நோய் ஆஸ்பத்திரியில் தங்கவைக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. ஒழுங்காக சிகிச்சைக்கு அழைத்துப் போவேன், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம்.

செல்வியக்கா:
தம்பி, என் வீட்டுக்காரரை மனநல மருத்துவமனைக்கே அனுப்பினார்கள். அங்கே தேறிவிட்டார். தேறிய சான்று கோர்ட்டுக்குப் போகாமல் ஏழு வாரம் எங்கோ கிடந்தது, நான்தான் அலைந்து தேடினேன். அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951-ல் பிடித்து 2005-ல் ஒரு ரூபாய் பிணையில் விட்டார்கள். 54 வருடம்! விசாரணையே நடக்கவில்லை. எந்தக் காகிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

கரிசல்காரன்:
நன்றி அக்கா, நன்றி சார். சீட்டுகளை எல்லாம் அம்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கடைசிச் சீட்டில் எண்ணெய் பட்டு டாக்டர் கையெழுத்து கலைந்திருக்கிறது. செல்லுமா?

வாய்தா வக்கீல்:
சீலும் ஓபி நம்பரும் தெரிந்தால் கொடுத்துப் பாருங்கள். நகல் மட்டும். ஒரிஜினல் டப்பாவிலேயே இருக்கட்டும்.