காந்த நானோத் துகள்களை உடலின் ஆழத்துக்கு வெளியிலிருந்து இழுத்துச் செல்ல முடியுமா?

கேள்வி (உயிர் இயற்பியல் மாணவர்):
வணக்கம். மருந்து ஏற்றிய இரும்பு ஆக்சைடு துகள்களை ரத்தத்தில் செலுத்தி, வெளியே வைத்த காந்தத்தால் புற்றுக்கட்டியில் தேக்கி வைக்கலாம் என்ற கருத்து பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. ஆனால் அதே துகள்களைச் சூடேற்றிக் கட்டியை அழிக்கும் முறை சிகிச்சைக்கே வந்துவிட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? உடல் சூடாகாமல் துகள் மட்டும் எப்படிச் சூடாகிறது?

மறுமொழி 1:
துகளை இழுப்பது காந்தப் புலத்தின் வலிமை மட்டுமன்று; இடத்துக்கு இடம் அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே முக்கியம். சீரான புலம் எவ்வளவு வலியதாக இருந்தாலும் துகளை நின்ற இடத்திலேயே தன் திசைக்குத் திருப்புமே தவிர நகர்த்தாது. காந்தத்தை விட்டு விலக விலக அந்த மாற்றம், அதாவது புலச்சரிவு, மிக விரைவாகக் குறைவதால், சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே ரத்த ஓட்டத்தின் இழுவை வென்றுவிடுகிறது. இதைவிட அடிப்படையான தடையும் உண்டு. வெளியே வைக்கும் நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் உடலின் உட்புள்ளி ஒன்றில் புலத்தை உச்சமாக்க இயலாது. ஆகவே துகள்கள் காந்தத்தை ஒட்டிய மேற்பரப்பை நோக்கியே வரும். 1996-இல் ஜெர்மனியில் எபிரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொண்டு நடந்த முதல் மனிதச் சோதனையிலும் மேற்பரப்பை ஒட்டிய கட்டிகளே எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்போதும் கல்லீரலில் துகள்கள் கணிசமாகப் படிந்தன.

மறுமொழி 2:
சூடேற்றும் முறையில் இந்தத் தடை இல்லை, ஏனெனில் துகள்கள் ஊசி மூலம் கட்டிக்குள்ளேயே நேரடியாகச் செலுத்தப்படுகின்றன. புலம் அவற்றை நகர்த்த வேண்டியதில்லை, சென்றடைந்தால் போதும். இங்கே பயன்படுவது திசை மாறிக்கொண்டே இருக்கும் புலம்; சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது திசுக்களை எளிதாக ஊடுருவுகிறது. புலம் மாறும் ஒவ்வொரு முறையும் துகளின் காந்தத் திருப்புதிறன் (அதன் காந்தத்தன்மையின் அளவும் திசையும்) சற்றுப் பின்தங்கியே திரும்புகிறது. அந்தப் பின்தங்கலில் இழக்கப்படும் ஆற்றலே வெப்பம். உடல் அறவே சூடாகாது என்பது சரியன்று. திசுக்களில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை தரும் வெப்பம் புலவலிமை, அதிர்வெண் இரண்டின் வர்க்கத்தையும் சார்ந்தது. அதனால்தான் இரண்டையும் விருப்பம்போல் உயர்த்த முடிவதில்லை.

மூளைக்கட்டிக்கான இத்தகைய சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2010-இல் ஒப்புதல் கிடைத்தது. கதிர்வீச்சுடன் சேர்த்தே அது வழங்கப்பட்டது. அதற்கு ஆதாரமான ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கட்டியிலேயே தங்கிவிடும் துகள்கள் பின்னர் எம்ஆர்ஐ எடுப்பதற்கு இடையூறாகாதா? இரும்பு ஆக்சைடை எம்ஆர்ஐக்கான மாறுபாட்டுப் பொருளாகவே பயன்படுத்துகிறார்களே?

மறுமொழி 3:
அளவுதான் வேறுபாடு. மாறுபாட்டுப் பொருளாகத் தரப்படும் சிறிதளவு இரும்பு, அது சேரும் திசுவைப் படத்தில் கருமையாக்கிப் பிரித்துக் காட்டுகிறது. விழுங்கு செல்கள் அதைச் சிதைத்து உடலின் இரும்புச் சேமிப்பில் சேர்த்துவிடுகின்றன. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்ஸிடால் அப்படிப்பட்ட துகளே. வெப்ப சிகிச்சையில் ஒரே இடத்தில் அடர்த்தியாகத் தேங்கும் துகள்களோ சுற்றியுள்ள பகுதியின் படத்தையே சிதைத்துவிடுகின்றன. கட்டி மீண்டும் வளர்கிறதா என்று எம்ஆர்ஐ மூலம் கண்காணிக்க வேண்டிய மூளைப் புற்றுநோயாளிக்கு இது கடுமையான இழப்பு.

உடலுக்கு வெளியே இந்தச் சிக்கல்கள் எவையும் இல்லை. வேண்டிய செல்களில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் பூசிய துகள்களை ரத்த மாதிரியில் கலந்து, நுண்ணிய எஃகு இழைகள் நிரம்பிய குழாயைக் காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்து அதன் வழியே ஓடவிட்டால், வேண்டிய செல்கள் இழைகளில் ஒட்டி நிற்கும். காந்தத்தை அகற்றியதும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். முதல் மறுமொழியில் சொன்ன புலச்சரிவு அங்கே ஒவ்வோர் இழையின் விளிம்பிலும் மிகக் கூர்மையாகக் கிடைப்பதால், ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கும் பணியில் இது அன்றாட முறையாகிவிட்டது.