பேசப் பேசக் குரல் தளரும் நோய்: மனநல ஆலோசகர் தேவை

என் மனைவிக்கு வயது 36, ஊர் திருநெல்வேலி. 2022-ல் மயஸ்தீனியா கிராவிஸ் (பயன்படுத்தப் பயன்படுத்தத் தசைகள் தளரும் நோய்) என்று உறுதியானது. பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. தினம் நாலு வேளை, கூடவே ஸ்டீராய்டு. காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலம் இமை சரிந்துவிடும், பேச்சு மூக்கால் வரும். சிரித்தால் முகம் கோணுகிறது என்று கல்யாண வீடுகளுக்கே வருவதில்லை. நாலு மாதமாக ராத்திரியில் அழுகை.

மனநல மருத்துவர் ஒருவர் தூக்க மாத்திரை எழுதினார். மூச்சுத் தசையைத் தளர்த்தக்கூடும் என்று நரம்பியல் மருத்துவர் நிறுத்திவிட்டார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் பரிவாகத்தான் பேசினார்கள். ஆனால் பத்து நிமிடத்தில் நாக்குக் குழற, போனை என்னிடம் நீட்டிவிட்டாள். அப்புறம், "மனசைத் திடமா வச்சுக்கோ" என்ற சொந்தக்காரர்களின் பேச்சு அவளை இன்னும் ஒடுக்குகிறது.

இந்த நோயைப் புரிந்துகொண்டு, காலை வேளையில், பாதி எழுத்தும் பாதி பேச்சுமாகத் தமிழில் சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) தருபவர் யாரையாவது தெரியுமா?