சேனை வைத்தால் பேதி வராதாம்! எந்த ஆராய்ச்சியில் இருக்கிறது?

பணகுடி நர்ஸக்கா (காலை 6.10)
நேற்று ராத்திரி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைத்தால், அதாவது நாக்கில் இனிப்பைத் தொட்டு வைத்தால், குடல் சுத்தமாகுமாம், ஆறு மாதத்துக்குப் பேதி எட்டிப் பார்க்காதாம். "வெள்ளைக்காரன் ஆராய்ச்சியே சொல்கிறது" என்று கடைசி வரி வேறு. எந்த வெள்ளைக்காரன்? இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கிறேன், வாசித்ததும் எரிச்சலாகிவிட்டது.

ஆராய்ச்சி இருக்கத்தான் செய்கிறது. பால் கொடுக்கிறவளுக்குக் கூட ஆள் நின்று உதவினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது அது. பெலாரஸ் நாட்டில் 1996, 97-இல் 31 பிரசவ ஆஸ்பத்திரிகள், 17,046 தாயும் பிள்ளையும். ஒரு பகுதி ஆஸ்பத்திரிகளில் மட்டும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் அங்கே தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் நூற்றுக்கு 43, மற்ற இடங்களில் 6. முதல் வருஷத்தில் வயிற்றுத் தொற்று வந்த பிள்ளைகள் அங்கே 9.1 சதவீதம், மற்ற இடங்களில் 13.2. சேனையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அம்பை வாத்தியார் (6.32)
அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான். ஒளிந்து எழுதிப் பழக்கமில்லை. 34 வருஷம் பாடம் நடத்திய எனக்கு வாசிக்கத் தெரியும். சேனையைப் பற்றி ஒரு வரி கிடையாது என்று நர்ஸம்மாவே எழுதிவிட்டார். அப்படியானால் சேனை கெடுதல் என்றும் அதில் இல்லை, சரிதானே?

ஒரு சொட்டு. கருப்பட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைக்கும் ஒரு சொட்டு. அதில் என்ன கெட்டுப்போகிறது? யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எனக்கு வைத்தது எங்கள் பெரிய தாத்தா. அவர் பேச ஆரம்பித்தால் ஊரே வாயை மூடிக்கொள்ளும்.

மேலப்பாளையம் மருமகன் (6.40)
பெரியவர் ஒரு சொட்டுக்கு மேலேயே வைத்துவிட்டார் போலிருக்கிறது. மூன்று வருஷமாக இங்கேயும் வேறு யாரும் வாயைத் திறக்க முடியவில்லை.

அம்பை வாத்தியார் (6.43)
அல்வா இழையில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் இன்னும் போகவில்லையா தம்பி? ஆற்றுத் தண்ணிக்கும் போர் தண்ணிக்கும் ருசி தெரியாதவர் சொட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

பணகுடி நர்ஸக்கா (6.55)
அண்ணாச்சி, குடல் சுத்தமாகிறது என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். பிள்ளை முதலில் போகிற கறுப்பு மலத்தை, காட்டுப்பீ என்று நம் ஆச்சிமார் சொல்வதை, வெளியே தள்ளுவதற்குச் சீம்பாலே போதும். அந்த மஞ்சள் பாலைத்தான் சில வீட்டில் "கெட்டுப்போன பால்" என்று பீய்ச்சிக் கீழே விடுகிறார்கள்.

ஒரு சொட்டு ஒரு சொட்டாக நிற்பதில்லை. போன மாதம் ஒரு வீடு. காலையில் சேனை. பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டியதும் "பாவம், பசிக்கிறது" என்று பாலாடையில், பால் புகட்டுகிற சங்கில், சீனித் தண்ணி. மத்தியானம் இன்னொரு பாலாடை. இனிப்புத் தண்ணியில் வயிறு நிறைந்த பிள்ளை உறங்கும், மார்பில் வாய் வைக்காது. மூன்றாம் நாள் நான் போனபோது அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தது, கையை உயர்த்த முடியவில்லை. "இவளுக்குப் பாலே இல்லை, டின் வாங்கணும்" என்கிறார் மாமியார். பால் இல்லாமல் எப்படி அம்மா கட்டும் என்று கேட்டேன்.

அம்பை வாத்தியார் (7.02)
பாலாடையைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டது ஒரு சொட்டு.

சுத்தமல்லி ஆச்சி (7.15, பேத்தி தட்டச்சு செய்கிறேன்)
ஆச்சி சொல்கிறார்கள்: நாங்கள் ஏழு பிள்ளைக்கும் சேனை வைத்தோம், ஏழும் இருக்கிறது. கத்திரி வெயிலில் பச்சைப் பிள்ளைக்கு ஒரு மடக்குத் தண்ணி கொடுக்காமல் வைப்பது பாவம்.

மேலப்பாளையம் மருமகன் (7.24)
ஆச்சி, தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணிதான். நம் நாட்டிலேயே கோடைகாலத்தில் சோதித்துப் பார்த்து 1991-இல் வெளியிட்டிருக்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்குத் தனியாகத் தண்ணி தேவைப்படவில்லை. அப்புறம், சேனைக்குச் சில வீட்டில் தேன் வைக்கிறார்கள். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகும்.

அம்பை வாத்தியார் (7.28)
தேன் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். கருப்பட்டி என்று எழுதினேன். பெலாரஸில் பனை உண்டா? கருப்பட்டி உண்டா? சேனை என்றால் அவனுக்குத் தெரியுமா? பனையே பார்க்காதவன் கணக்கை வைத்துப் பனங்காட்டுப் பிள்ளைக்குச் சட்டம் போடுகிறார்கள்.

பத்தமடைப் பாய் (7.31)
சேனைக்கிழங்கைப் பற்றிய இழை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். பிள்ளைக்கு எதற்குக் கிழங்கு என்று பயந்துபோனேன்.

பணகுடி நர்ஸக்கா (7.40)
பெலாரஸ் வேண்டாம், ஹரியானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிப் பேச வைத்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் 79 சதவீதம், மற்ற கிராமங்களில் 48. பேதி குறைந்தது, பிள்ளைகளின் எடையும் குறையவில்லை. ஆள் போய் உட்கார்ந்து பேசினால் பலன் கிடைக்கிறது. நம் மாநிலத்தில் 2019-21 கணக்குப்படி நூற்றுக்கு 45 பேறு ஆபரேஷன். மயக்கம் தெளியாமல் கிடக்கிறவளின் மார்பில் பிள்ளையை எடுத்து யார் வைப்பது? இதைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் இழையையே ஆரம்பித்தேன்.

அம்பை வாத்தியார் (7.44)
ஹரியானாவில் பனை உண்டா?

கொக்கிரகுளம் கணக்கர் (7.52)
முதலில் "தாய்ப்பால் மட்டும்" என்றால் என்ன என்று பேசி முடித்துக்கொண்டால் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இருக்கிறது. ஆறு மாதம் வரை தண்ணீர்கூடச் சேராது. மருந்துச் சொட்டு, வைட்டமின் சொட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல், இவை மட்டும் விலக்கு.

அம்பை வாத்தியார் (7.55)
அப்படி வாருங்கள் வழிக்கு. மருந்துச் சொட்டு ஆகலாம், சேனைச் சொட்டு ஆகாதா? இரண்டும் சொட்டுதானே!

கொக்கிரகுளம் கணக்கர் (7.56)
நான் எழுதியது அதற்காக இல்லை.

உடன்குடி பனங்காட்டான் (8.05)
ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன், கருப்பட்டி கருப்பட்டி என்கிறார் வாத்தியார். நீர் கடையில் வாங்குவது கருப்பட்டியா வே? பாதி சீனி. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறீரா? எங்கள் ஊருக்கு வாரும், காட்டுகிறேன். அதுவரை உம் சேனையைச் சீனித் தண்ணி என்றே எழுதும்.

அம்பை வாத்தியார் (8.09)
திருநெல்வேலிச் சீமை விவகாரத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக்காரருக்கு என்ன வேலை?

உடன்குடி பனங்காட்டான் (8.10)
1986 வரைக்கும் நாங்களும் திருநெல்வேலிதான் வே. மாவட்டத்தைப் பிரித்தார்கள், பனையையுமா பிரித்தார்கள்? நீர் வாத்தியார் வேலை பார்த்தபோது வரலாறு நடத்தவில்லையா?

வள்ளியூர் புது அம்மா (8.14)
மன்னிக்கணும், இடையில் கேட்கிறேன். எனக்கு இன்றைக்கு ஒன்பதாம் நாள். பிள்ளை வாய் வைத்தாலே உயிர் போகிறது, வலது பக்கம் வெடித்திருக்கிறது. பால் பற்றவில்லை, புட்டிப்பால் கொடு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பற்றுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அம்பை வாத்தியார் (8.16)
பனங்காட்டான் அவர்களே, நான் நடத்தியது கணக்கு. என் பெட்டியில் இருப்பது சுத்தமான கருப்பட்டி, போன பங்குனியில் மைத்துனர் கொண்டுவந்தது.

பணகுடி நர்ஸக்கா (8.21)
தங்கச்சி, பிள்ளையின் வயிறு உன் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். ஆவென்று வாயைத் திறக்கும் வரை பொறுத்து, அப்புறம் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வா, நீ குனியாதே. காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். சுற்றியிருக்கிற கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகணும், கீழ்ப்பக்கம் கூடுதலாக. மோவாய் மார்பில் முட்டியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும். வலித்தால் இழுக்காதே, வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிட்டு மறுபடி வை. ராத்திரியும் பகலுமாக ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், எடையும் ஏறி வந்தால் பால் பற்றுகிறது என்று அர்த்தம். காய்ச்சல் வந்தால், மார்பு சிவந்தால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இன்றைக்கே உங்கள் ஊர் நர்ஸை வீட்டுக்கு வரச் சொல், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அம்பை வாத்தியார் (8.24)
ஆறு தடவையா? என் பேரன் பத்துத் தடவை போனான். அவனுக்குச் சேனை வைத்தது நான்.

மேலப்பாளையம் மருமகன் (8.26)
அதனால்தான் பத்து. அவனுக்கும் நிறுத்தத் தெரியவில்லை.

சுத்தமல்லி ஆச்சி (8.30)
ஆச்சி கேட்கிறார்கள், அந்த வள்ளியூர்ப் பிள்ளை சுறாப்புட்டு சாப்பிடுகிறாளா? பூண்டு நிறையச் சேர்க்கச் சொல்கிறார்கள். வாத்தியார் எந்த ஊர் மாப்பிள்ளை என்றும் கேட்கிறார்கள், பெரிய தாத்தாவை அவர்களுக்குத் தெரியுமாம். ஊர் வாயை மூடியது மரியாதையால் இல்லையாம்.

அம்பை வாத்தியார் (8.33)
ஆச்சிக்கு வேறு யாரையோ நினைப்பு. பேச்சை மாற்ற வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து இரண்டரை மணி நேரமாகத் தேன் என்கிறார்கள், பாலாடை என்கிறார்கள், ஹரியானா என்கிறார்கள். ஒரு சொட்டுக்குப் பதில் இல்லை.

பணகுடி நர்ஸக்கா (8.35)
எனக்கு இன்றைக்கு நான்கு வீடு இருக்கிறது அண்ணாச்சி. ஒன்று இரட்டைப் பிள்ளை. பஸ் வந்துவிட்டது.

அம்பை வாத்தியார் (8.36)
பார்த்தீர்களா, ஓடுகிறார். ஒரு சொட்டு, நர்ஸம்மா, ஒரே ஒரு சொட்டு!

உடன்குடி பனங்காட்டான் (8.37)
நீர் முதலில் 1986-க்குப் பதில் சொல்லும் வே.