பேலியோசேனல்: 'புதையாறு' வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆறு போக்கு மாறியபின் விட்டுச்சென்ற பழைய வழியை ஆங்கிலத்தில் 'பேலியோசேனல்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தொல்கால்வாய், பழையாறு, புதையாறு, தொல்லாற்றுத்தடம். உழவர்களுக்கான நிலத்தடி நீர்க் கையேட்டில் மூன்றாம் இயல் முழுக்க இந்த ஒரு பொருளைப் பற்றியதுதான். அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தொல்கால்வாய்' ஆகாது. கால்வாய் மனிதர் வெட்டியது, இதுவோ ஆறு தானே அறுத்த வழி. 'பழையாறு' கேட்க இனிமையான சொல்தான். ஆனால் குமரி மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆறு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற ஆற்றின் பெயரை ஓடாத தடத்துக்குப் பொதுச்சொல்லாக வைத்தால் நாகர்கோவில்காரர்கள் குழம்பிப்போவார்கள்.

பெரும்பாலோர் விரும்புவது 'புதையாறு'. அதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் மண்ணுக்கடியில் ஓர் ஆறு சலசலவென்று ஓடுவதாகத்தான் மனம் நினைக்கும். ஏற்கெனவே ஊர்ப்புறங்களில் 'அடியில் நதி ஓடுது, எவ்வளவு இறைச்சாலும் வத்தாது' என்ற நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் அடியில் இருப்பது ஆறு விட்டுப்போன பருமணலும் கூழாங்கல்லும். அவற்றின் இடுக்குகளில் நீர் தங்கியிருக்கிறது. நல்ல மணலிலேயே அது நாளுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் வேகம் என்று சொல்லவேண்டும். மழையும் மேலே ஓடும் வெள்ளமும் ஊறி இறங்கினால்தான் அது நிரம்பும்.

சென்னைக்கு வடக்கே இதற்கான சான்றை நேரிலேயே பார்க்கலாம். கொற்றலை ஆற்றுக்கு 'விருத்த க்ஷீர நதி', அதாவது பழைய பாலாறு, என்றும் ஒரு பெயர் உண்டு. பாலாறு ஒரு காலத்தில் அந்தப் பக்கமாகப் போனது என்ற நினைவு பெயரிலேயே தங்கிவிட்டது. 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொற்றலையாறு வடிநிலத்தை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்தார்கள். ஆறுகள் கொண்டுவந்து நிரப்பிய மணற்படிவுதான் அங்கே நீர்தாங்கி, அதாவது நிலத்தடி நீரைத் தேக்கிவைத்துத் தரும் அடுக்கு. ஊறுவதைவிட அதிகமாக இறைத்தோம். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அங்கே உப்புக் கரிக்கும் கிணற்றை வைத்துக்கொண்டு தவிக்கிற உழவரிடம் போய் 'உங்கள் நிலத்தடியில் புதையாறு இருக்கிறது' என்று அச்சிட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, எல்லாத் தடமும் புதைந்து கிடப்பதில்லை. ராஜஸ்தானில் காளிபங்கன் என்னும் சிந்துவெளி நகரத்தின் வழியாகப் போகும் கக்கர் ஆற்றின் பழைய தடம் 5, 6 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்நிலமாகச் செயற்கைக்கோள் படத்திலேயே தெரிகிறது. ஐ.ஐ.டி. கான்பூரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து அங்கே துளையிட்டு மண் உருளைகளை எடுத்தன. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அடியில் இமயத்திலிருந்து வந்த சாம்பல்நிற மணல், அதன்மேல் மென்மையான வண்டல். மணலில் உள்ள சிர்க்கான் என்னும் கனிம மணிகளின் வயதை வைத்து அந்த மணல் சட்லெஜ் ஆறு கொண்டுவந்தது என்று கண்டார்கள். மணல்மணி கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணிக்கும் முறையால், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே சட்லெஜ் அந்த வழியை விட்டு விலகிவிட்டது என்றும் தெரிந்தது. சிந்துவெளி நகரங்கள் எழுந்தது அதற்கு வெகு காலம் கழித்து. பேராறு வற்றியதால் நகரங்கள் அழிந்தன என்று நாம் படித்துவந்த கதையை ஒரு மண் உருளை புரட்டிப்போட்டது! நீர், படிவு, பழங்காலத் தட்பவெப்பம் மூன்றும் கூடுகிற இடம் இந்தத் தடம்தான். அதனாலேயே இதற்கு நல்ல பெயர் வேண்டும் என்கிறேன்.

'தொல்லாற்றுத்தடம்' பிழையற்றது. ஆனால் 'தொல்லாற்றுத்தட நீர்தாங்கி நிலப்படம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேலும் 'தொல்' என்றதும் முடிந்துபோன காலமாகிவிடுகிறது. கோசி ஆறு 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்னுமிடத்தில் கரையை உடைத்துக்கொண்டு, சுமார் 120 கிலோமீட்டர் கிழக்கே, தான் என்றோ விட்டுப்போன தடத்தில் பாய்ந்தது. பிகாரில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் துன்பப்பட்டார்கள். ஆறு கைவிட்டது என்று நாம் நினைத்த இடத்துக்கு அது திரும்பியும் வரும்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இப்படிப்பட்ட நிலத்தை 'ஆறு விட்டுப்போன எடம்' என்பார்கள். அந்தப் பேச்சிலிருந்தே என் பரிந்துரை: விடுதடம். ஆறு விட்ட தடம், விடுகின்ற தடம், விடும் தடம். வினைத்தொகை என்பதால் முக்காலமும் உள்ளே இருக்கிறது. புதைந்திருந்தால் 'புதைந்த விடுதடம்', நீர் இருந்தால் 'விடுதட நீர்தாங்கி'. களி அடைத்துக்கொண்டு நீரே இல்லாவிட்டாலும் அது விடுதடம்தான்.

கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

———

மறுமொழி:

ஐயா, வணக்கம். புதையாற்றை முன்மொழிந்தவள் நான்தான். மீஞ்சூர்க் கிணறுகளைப் படித்தபின் அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் விடுதடத்தில் எனக்கு இரண்டு தயக்கம். வகுப்பில் பிள்ளைகள் 'விடு, தடம்' என்று ஏவலாகப் பிரித்துப் படித்துவிட்டால்? இரண்டாவது, சொல்லில் ஆறே இல்லை. யானை விட்ட தடமும் விடுதடம்தானே? 'ஆற்றுவிடுதடம்' என்றால் ஐயமில்லை.

———

மறுமொழி:

அம்மா, நன்றி. முதல் தயக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். குடிநீரை எந்தப் பிள்ளையும் 'குடி, நீர்' என்று பிரித்துப் படிப்பதில்லை. ஊறுகாயும் சுடுசோறும் அப்படித்தான் பழகின. இரண்டாவது நியாயமானது, நான் யோசிக்கத் தவறியது. இயலின் தலைப்பிலும் முதல்முறை வரும் இடத்திலும் 'ஆற்றுவிடுதடம்' என்று போட்டு, அதன்பின் விடுதடம் என்று சுருக்கிக்கொள்வோம். பதிவு இப்படி இருக்கட்டும்:

ஆற்றுவிடுதடம் (சுருக்கமாக விடுதடம்): ஆறு போக்கு மாறியபின் விட்டுச்சென்ற வழி. மேற்பரப்பில் தாழ்வாகத் தெரியலாம், படிவுகளால் மூடப்பட்டும் இருக்கலாம். மணல், கூழாங்கல் நிறைந்திருந்தால் நல்ல நீர்தாங்கியாகும். இதில் நீர் ஆறுபோல் ஓடுவதில்லை.

அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள். ஞாயிறு வரை வேறு மறுப்பு வராவிட்டால் இதையே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.