5ஏ பணத்துல சார்ட்டருக்குப் பங்கு உண்டா? – டக்ளஸ் கவுன்ட்டி தமிழ்ப் பெற்றோர் குழு

[காலை 9:12] ரம்யா: ஓட்டுச்சீட்டுல வர்ற ஸ்கூல் பணக் கேள்வி 5ஏ, அப்புறம் சார்ட்டர் ஸ்கூல் (அரசுப் பணத்துல, தனி நிர்வாகத்துல நடக்கிற பொதுப் பள்ளி), இதைப் பத்தி ரெண்டு ஃபார்வர்ட் சுத்துது. ஒண்ணுல "நீங்க கட்டுற வீட்டு வரிய சார்ட்டர் ஸ்கூல் அள்ளிட்டுப் போகுது". இன்னொண்ணுல "5ஏ பாஸானாலும் சார்ட்டர் பிள்ளைங்களுக்கு ஒரு பைசா வராது". எதுங்க நிஜம்? செந்தில் அண்ணா? கவிதாக்கா?

[9:15] செந்தில்: ரெண்டும் தப்பும்மா. டெலீட் பண்ணிடு.

[9:21] செந்தில்: கொலராடோல ஸ்கூலுக்குப் பணம் ரெண்டு வாய்க்கால்ல வருது. முதல்ல மாநில ஃபார்முலா, தலைக்கு இவ்வளவுன்னு. உள்ளூர் வீட்டு வரியும் மாநிலப் பணமும் கலந்துதான் அது. அதுல சார்ட்டருக்குக் குறைஞ்சது 95% போயே ஆகணும். மிச்ச 5% வரைக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நிர்வாகச் செலவுக்குப் பிடிக்கலாம், அதுவும் உண்மையா ஆன செலவு மட்டும். இங்க பெருசா சண்டை இல்ல. சண்டையெல்லாம் ரெண்டாவது வாய்க்கால்ல. மில் லெவி ஓவர்ரைட்.

[9:23] பிரபு: ஓவர்ரைட்னா அந்த பாண்டுதானே?

[9:27] கவிதா: இல்ல பிரபு. பாண்ட் கடன்: கட்டடம், கூரை, பாய்லர். ஓவர்ரைட் நாம ஓட்டுப் போட்டு ஃபார்முலாவுக்கு மேல கூடுதலா கட்டுற வரி: சம்பளம், செக்யூரிட்டி மாதிரி வருஷா வருஷம் ஓடுற செலவு. 2018ல இங்க 5ஏ 40 மில்லியன் டாலர் ஓவர்ரைட், 5பி 250 மில்லியன் பாண்ட், ரெண்டும் பாஸ். 2023ல 66 மில்லியன் ஓவர்ரைட் பாஸாச்சு, பாண்ட் தோத்துச்சு. 2024ல 5ஏன்னு வந்ததே பாண்டு! எழுத்தை நம்பாதீங்க, கேள்வியைப் படிங்க.

[9:28] பிரபு: அந்தக் கேள்வி முழுக்க கேபிடல் லெட்டர்ல கத்துற மாதிரி இருக்கும் 😅

[9:30] கவிதா: டேபர் சட்டம் அப்படி, ஓட்டுப் போடாம வரி கூட்டக் கூடாதுங்கிற கொலராடோ சட்டம். 1992லேர்ந்து, வரி கூட்டுறதுன்னா கேள்வி "ஷேல் ... டாக்ஸஸ் பி இன்க்ரீஸ்ட்" (வரியைக் கூட்டலாமா)னு தொகையோட தொடங்கணும், பெரிய எழுத்துல.

[9:36] செந்தில்: மில்னா மதிப்பீட்டுல ஆயிரத்துக்கு ஒரு டாலர். வீடு 6 லட்சம் டாலர்னு வை. அதுல சுமார் 7%தான் ஸ்கூல் வரிக்கு மதிப்பீடு, 42,000. ஒரு மில்லுக்கு 42 டாலர். "ஆறு மில்"னு கேட்டா வருஷத்துக்கு 252.

[9:37] ரம்யா: சரி அண்ணா, இதுல சார்ட்டர் பங்கு எங்க வருது?

[9:44] செந்தில்: 2017 வரைக்கும் டிஸ்ட்ரிக்ட் மனசு வெச்சாதான். சார்ட்டர் சட்டம் 1993லேயே வந்தும், ஓவர்ரைட்டுல கொடுத்தவங்க கொடுத்தாங்க, கொடுக்காதவங்களைக் கேக்க முடியல. 2017ல எச்பி 1375ங்கிற மாநில மசோதா பாஸாச்சு, ஜூன்ல கவர்னர் ஹிக்கன்லூப்பர் கையெழுத்து. 2019-20லேர்ந்து டிஸ்ட்ரிக்டுக்கு ரெண்டே வழி. ஒண்ணு, ஓவர்ரைட்டுல தலைக்கு என்ன வருதோ அதுல 95% சார்ட்டருக்குக் கொடு. இல்லேன்னா, எந்த வகை ஸ்கூல்னு பாக்காம பிள்ளைங்க தேவையை வெச்சுப் பிரிக்கிற ஒரு பிளான் எழுதி, வெப்சைட்ல போடு.

[9:46] மீனாட்சி: ஒரு நிமிஷம் செந்தில். என் பசங்க டிஸ்ட்ரிக்டே நடத்துற நெய்பர்ஹுட் ஸ்கூல். பஸ் ஓட்டுறது டிஸ்ட்ரிக்ட். பெரிய தேவை இருக்கிற ஸ்பெஷல் எட் பிள்ளைங்களுக்கு சென்டர் நடத்துறதும் டிஸ்ட்ரிக்ட். தலைக்குச் சமமா பிரிச்சா அது நியாயமா?

[9:53] செந்தில்: நியாயமான கேள்வி மீனாட்சி. அதுக்குத்தான் ரெண்டாவது வழி. செலவு எந்தப் பிள்ளைக்குப் போகுதோ பணமும் அந்தப் பிள்ளை பின்னாடி போகணும். சார்ட்டர்ல அப்படிப்பட்ட பிள்ளை இருந்தா அங்கயும் போகணும். என்னைக் கேட்டா, நல்லா எழுதின பிளான் வெறும் 95%ஐவிட மேல். ஆனா அதையே சாக்கா வெச்சு "இது டிஸ்ட்ரிக்ட் முழுமைக்குமான செலவு"ன்னு முதல்லயே ஒரு துண்டை உருவிட்டு மிச்சத்தைப் பிரிச்சா ஏமாத்து வேலை.

[9:54] பிரபு: உருவினா எவ்வளவு மாறும்?

[10:02] செந்தில்: கணக்குக்காக ரவுண்டா. 66 மில்லியன், 60,000 பிள்ளைங்க. தலைக்கு 1,100. 95%னா 1,045. 500 பேர் படிக்கிற சார்ட்டருக்கு 5,22,500.
இப்ப 6 மில்லியனை முதல்லயே உருவிட்டா மிச்சம் 60 மில்லியன். தலைக்கு 1,000. 95%னா 950. அதே ஸ்கூலுக்கு 4,75,000. வித்தியாசம் 47,500.

[10:03] செந்தில்: அதனால போர்டு மீட்டிங்ல "சமமா தர்றோம்"னு சொன்னா கைதட்டாதீங்க. எதை எதால வகுத்தீங்கன்னு கேளுங்க. மேல இருக்கிற தொகை முழு ஓவர்ரைட்டா? கீழ இருக்கிற எண்ணிக்கைல சார்ட்டர் பிள்ளைங்களும் இருக்காங்களா? பழைய ஓவர்ரைட்டும் சேர்ந்திருக்கா, புதுசு மட்டுமா?

[10:08] ரம்யா: எங்க சார்ட்டர் பட்ஜெட்ல ஓவர்ரைட் வரவு போன வருஷத்தைவிடக் குறைஞ்சிருக்கே, அப்ப உருவிட்டாங்களா?

[10:14] கவிதா: அவசரப்படாத ரம்யா. முதல்ல அக்டோபர் கவுன்ட்டைப் பாரு, அதான் பிள்ளைங்களை எண்ணுற கணக்கு. வசந்த காலத்துல 520 பேர்னு பட்ஜெட் போட்டு, அக்டோபர்ல 505 பேர் இருந்தா, செந்தில் கணக்குப்படி 15 × 1,045, அதாவது 15,675 போச்சு. ஃபார்முலா பணமும் கூடவே போகும், அது இதைவிடப் பல மடங்கு. அடுத்து, பேலட்ல கேட்டது நிலையான டாலரா, வளரக்கூடியதான்னு பாரு. நிலையான டாலர்னா விலைவாசி ஏறினாலும் அது அங்கேயே நிக்கும்.

[10:19] கவிதா: இன்னொரு இடத்துலயும் சறுக்கும். பணம் வர்ற மாசம். வீட்டு வரி பாதி பிப்ரவரி கடைசி, பாதி ஜூன் 15. மொத்தமா கட்டினா ஏப்ரல் 30. டீச்சர் சம்பளமோ ஆகஸ்ட்லயே தொடங்குது. டிஸ்ட்ரிக்ட் மாசாமாசம் பன்னிரண்டுல ஒரு பங்கா தருதா, வரி வந்தப்புறம் தருதான்னு ஒப்பந்தத்துல பாருங்க. ரெண்டாவதுன்னா கையிருப்பு இல்லாத சார்ட்டர் குளிர்காலத்துல திணறும்.

[10:24] செந்தில்: "டீச்சருக்கு 5,000 கூட்டறோம்"னு சொல்றப்ப பெராவை (அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி) மறந்துடுவாங்க. ஸ்கூல் பங்கு 21.4%, 1,070. மெடிகேர் 1.45%, 72.50. ஆக 5,000 கூட்ட 6,142.50 வேணும். சார்ட்டர் டீச்சர்களும் பெராலதான்.

[10:26] பிரபு: எங்க ஸ்கூல் சிஎஸ்ஐ கீழ. எங்களுக்கும் டிஸ்ட்ரிக்ட் தருமா?

[10:31] கவிதா: இல்ல பிரபு. சார்ட்டர் ஸ்கூல் இன்ஸ்டிட்யூட் மாநில அமைப்பு, 2004ல வந்தது. அதுக்குன்னு ஊரும் கிடையாது, வரி போடுற அதிகாரமும் கிடையாது. நீங்க இருக்கிற ஊர்ல ஓவர்ரைட் பாஸானாலும் அந்தப் பணம் உங்க ஸ்கூலுக்கு வராது. அதே 1375தான் சிஎஸ்ஐக்கு ஒரு ஈக்வலைசேஷன் நிதி வெச்சது. அதுக்குப் பணம் மாநில பட்ஜெட்லேர்ந்து வரணும். உங்க ஆளுங்க பாக்க வேண்டியது டென்வர்ல இருக்கிற மாநில சட்டசபையை, டிஸ்ட்ரிக்ட் போர்டை இல்ல.

[10:33] மீனாட்சி: அப்ப ஓவர்ரைட் விஷயம் தீர்ந்துச்சுல்ல. இன்னும் ஏன் சார்ட்டர்காரங்க குறை சொல்றாங்க?

[10:39] செந்தில்: கட்டடம். 1375 ஓவர்ரைட்டுக்கு மட்டும்தான். பாண்ட் கேள்வி தயார் பண்றப்ப டிஸ்ட்ரிக்ட் சார்ட்டர்களைக் கூப்பிட்டு அவங்க தேவையைப் பேசணும், ஆனா சேர்த்தே ஆகணும்னு இல்ல. சேராத சார்ட்டர் வாடகையோ கடன் தவணையோ வகுப்பறைக்கு வர்ற தலைக்காசுலேர்ந்து கட்டுது. உங்க ஸ்கூல் கூரை பாண்ட்ல மாறும். அவங்க கூரை டீச்சர் சம்பளத்தோட போட்டி போடும்.

[10:40] மீனாட்சி: ம்ம். அது சரி.

[10:44] ரம்யா: ஓட்டு விஷயம் ஒண்ணு. எச்1பில இருக்கிறவங்க, கிரீன் கார்டு வெச்சிருக்கிறவங்க?

[10:49] கவிதா: வரி உண்டு, ஓட்டு இல்ல. டிஎம்வில (டிரைவிங் லைசன்ஸ் ஆபீஸ்) ஏதாவது படிவத்துல தவறி வாக்காளரா டிக் பண்ணிடாதீங்க, பின்னாடி குடியுரிமைக்கே வினை. ஆனா ஸ்கூல் போர்டு மீட்டிங்ல பப்ளிக் கமென்ட்ல பேசலாம், பிளானைக் கேட்டு மெயில் போடலாம். சிட்டிசன்ஸ், தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி தபால்ல டேபர் நோட்டீஸ் வரும். பீட்சா கூப்பனோட சேர்த்துக் குப்பைல போடாதீங்க. தொகை, ஆதரவு, எதிர்ப்பு எல்லாம் அதுலதான்.

[10:52] பிரபு: போன தடவை நான் போட்டேன் 🙈

[10:53] ரம்யா: பட்ஜெட்டோட அக்டோபர் கவுன்ட்டையும் ஒப்பந்தத்தையும் எடுத்து வெச்சுட்டு இன்னிக்கு சாயங்காலம் கேக்கறேன் அக்கா.

[10:54] ரம்யா: 🚫 இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்

[10:54] ரம்யா: 🚫 இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்